வலது பக்கம் பாடாத வீடு

மாடிப்படி விளக்கு எரியவில்லை என்று சொல்லக் கீழே இறங்கிப் போனேன். குடிவந்த மறுநாளே புகார் சொல்லும் ஆளாகத் தெரியக் கூடாதே என்று முகத்தில் கொஞ்சம் சிரிப்பையும் தடவிக்கொண்டு போனேன். வீட்டுக்கார அம்மாள் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“பல்பு போச்சுங்க,” என்றேன்.

“போச்சுன்னு உனக்கு யாரு சொன்னது?”

“எரியலையே.”

“எரியல. அவ்ளோதான் உனக்குத் தெரியும். உன் ரூம் பல்ப கழட்டி அங்க மாட்டு. எரிஞ்சா அந்த பல்பு போச்சு. எரியலன்னா வேற. போ.”

மாட்டினேன். எரியவில்லை. அப்படியானால் ஒயர்தான் என்று முடிவு கட்டி, எலக்ட்ரீஷியன் யாராவது தெரியுமா என்று கேட்க மறுபடி இறங்கினேன். “எந்த சுவிட்ச தட்டின?” என்றார். காட்டினேன். அது மோட்டார் சுவிட்ச். அதற்குள் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு முழுக் குடும்பத்தின் துணிகளை இரண்டாவது தடவை துவைத்து முடித்திருந்தது.

“என்னா வேல பாக்குற தம்பி?”

“எழுத்தாளருங்க.”

“அதான்,” என்று சொல்லிவிட்டு அடுத்த பூண்டை எடுத்தார்.

மலையைப் பார்த்துக்கொண்டு எழுதினால் எழுத்தும் அந்த உயரத்துக்குப் போகும் என்ற நம்பிக்கையில் செங்கம் சாலையை ஒட்டிய அந்தத் தெருவில் மாடி அறை பிடித்திருந்தேன். ஜன்னலுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி. மலை தெரிய வேண்டுமானால் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். அந்த நிலையில் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

அந்த அம்மாள் அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் சிஸ்டர். கீரைக்காரிக்கும் சிஸ்டர், கணவருக்கும் சிஸ்டர். அந்தப் பக்கம் அமைதி தேடி வரும் வெளிநாட்டுக்காரர்கள் அவரைக் கன்னியாஸ்திரீ என்று நினைத்துக்கொள்வதுண்டு. ஒரு வெள்ளைக்காரப் பெண் வாசலில் மண்டியிட்டு ஆசி கேட்டாள். சிஸ்டர் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்து, “ரத்தம் கம்மி. முருங்கக்கீர சாப்புடு,” என்று அனுப்பிவைத்தார். அவள் அதை ஒரு உபதேசமாகவே எடுத்துக்கொண்டு கும்பிட்டபடி பின்வாங்கிப் போனாள்.

சிஸ்டரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றினால் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றுகிறவன் அவர் கண்ணில் திருடனைவிட மோசம். “ரெண்டு மாத்தரைய ஒண்ணா மாத்திட்டு, குணமாச்சுன்னு பல்லக் காட்டுவானுங்க. எதுல குணமாச்சுடான்னு கேட்டா முழிப்பானுங்க,” என்று தன் சர்வீஸில் பார்த்த டாக்டர்களைப் பற்றி ஒட்டுமொத்தமாகச் சொல்வார்.

என் இடுப்புவலிக்கும் இதே வைத்தியம்தான். முதலில் தலையணையைப் பிடுங்கினார். வலி இருந்தது. தலையணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெத்தையை மாற்றினார். வலி இருந்தது. நாற்காலியை மாற்றினார். அப்போதும் இருந்தது. “இப்ப எழுதறத நிறுத்திப் பாரு,” என்றார். வலி போய்விட்டது. தமிழ் இலக்கியத்துக்கும் இதனால் பாதகம் ஒன்றும் ஏற்படவில்லை என்று பின்னால் பலர் சொன்னார்கள்.

ஆனால் இந்தப் பிடிவாதம் எப்போதும் சிரிக்கும்படி இருக்காது. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்து, மொத்தக் குடும்பமும் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தபோது இவர் உள்ளே நுழைந்து, அழுதுகொண்டிருந்த மகளின் வாயைக் கையால் பொத்தினார். “நாடி பாக்கணும். சத்தம் போடாதே,” என்றார். பொத்திய கையை எடுக்காமலே மறு கையால் நாடி பார்த்தார். நாடி இருந்தது, பெரியவரும் பிழைத்தார். அந்த மகள் அதன்பிறகு சிஸ்டரிடம் பேசவே இல்லை. சிஸ்டருக்கு அது ஒரு பொருட்டாகவும் தெரியவில்லை.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற சர்வேயர். தெருவில் அவருக்கும் அதுவே பெயர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தி அப்படியே இருந்தது. கூடத்தில் கட்டில், எதிரே அவருடைய ஸ்டீரியோ. வெள்ளி நிற முகமும் பெரிய திருகுகளும் வைத்த ஆம்ப்ளிஃபயர், கீழே சிடி பிளேயர், இரு மூலையிலும் பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். கை நன்றாக இருந்த காலத்தில் நிலம் அளக்கும் சங்கிலியைக் கூடத்தில் இழுத்துப் பிடித்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் கட்டில் போடும் இடத்தை அளந்து தரையில் குறி வைத்தவர் அவர். கட்டிலை அந்தக் குறியிலிருந்து நகர்த்த யாருக்கும் அனுமதி இல்லை. வீடு பெருக்கும் பெண் அதைச் சுற்றித்தான் பெருக்குவாள்.

காலையில் இட்லிக்கு ஒரு சிடி, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்று, ராத்திரிக் கஞ்சிக்கு ஒன்று. பழைய சினிமாப் பாட்டுகள். பாட்டு ஓடினால் வாய் திறக்கும், சிஸ்டர் ஊட்டுவார். சிஸ்டருக்குச் சங்கீதம் பிடிபடாது. “எல்லாம் ஒரே பாட்டுதான். நடுவுல ஆளு மாறுது,” என்பது அவர் கருத்து.

தீபத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு காலையில் கரகரவென்று சத்தம் கேட்டது. அப்புறம் பாட்டில் பாதி காணாமல் போயிற்று. நான் ஓடி வந்தேன். வலது ஸ்பீக்கர் ஊமையாகி இருந்தது. அந்தக் காலத்து ஸ்டீரியோ ஒலிப்பதிவு சிலவற்றில் பாடகர்களை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறுபக்கமும் நிறுத்திவைத்திருப்பார்கள். சர்வேயருக்குப் பிடித்த சிடி அந்த ஜாதி. இப்போது வயலின்களும் தபலாவும் மட்டும் வந்துகொண்டிருந்தன. யாரோ பாட வரப்போகிறார் என்று எல்லோரும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் வரவில்லை.

“ஆம்ப்ளிஃபயர்ல ஐசி போயிருக்கும்,” என்றேன். ஆடியோ பத்திரிகைகள் நிறையப் படித்தவன் நான்.

“உள்ள பாத்தியா?”

“இல்ல.”

“அப்ப வாய மூடிகினு பின்னாடி போய் நில்லு. சொல்றத மட்டும் செய்.”

பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார். முதலில் இரு பக்கத்தையும் சரிசமம் செய்யும் திருகு நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. ஆம்ப்ளிஃபயரை அணைக்கச் சொன்னார். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயரைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவதாகவும் சொன்னார். ஊமை ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றி, பாடுகிற பக்கத்துத் துளையில் மாட்டினேன். ஊமை ஸ்பீக்கர் பேசியது. ஆக, ஸ்பீக்கருக்கும் அதன் ஒயருக்கும் குற்றமில்லை. “பழையபடி மாட்டு,” என்றார். மாட்டினேன். அடுத்து சிடி பிளேயரிலிருந்து வரும் சிவப்பு ஒயரையும் வெள்ளை ஒயரையும் இடம் மாற்றச் சொன்னார். “ஊமை அந்தப் பக்கம் போனா பிளேயர். இங்கயே நின்னா ஆம்ப்ளிஃபயர் பெட்டி.”

ஊமை நகரவில்லை, வலது பக்கமே நின்றது. ஆனால் இடது ஸ்பீக்கரில் இப்போது பாடகர் வந்துவிட்டார். வாத்தியம் எதுவும் இல்லாமல், பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்பவர் போல, தன்னந்தனியாகக் காதலித்துக்கொண்டிருந்தார். சர்வேயர் இடது கையை உயர்த்தி வேண்டாம் என்று ஆட்டினார்.

“என்னங்க, பாடறவரு வந்துட்டாரே. இது போதாதா?”

மறுபடி ஆட்டினார்.

“ரெண்டும் வேணுமா?”

கை இறங்கியது. சிஸ்டர் என்னைப் பார்த்தார். “பெட்டிக்குள்ளதான் வியாதி. இப்ப சொல்லலாம்.”

ஊரில் இரண்டு கடைக்காரர்களிடம் காட்டினோம். இருவரும் பெட்டியை ஏதோ கல்வெட்டைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, தூக்கிப் போட்டுவிட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கச் சொன்னார்கள். நானே என் செலவில் ஒன்று வாங்கிவந்து, தேங்காய் அளவில் இருந்த அதைக் கட்டில் அருகில் வைத்துப் பாட விட்டேன். சர்வேயர் ஒரு பாட்டு முழுவதும் கேட்டார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை. இட்லி, கஞ்சி, ரசஞ்சாதம் எதற்கும் திறக்கவில்லை. சிஸ்டர் மாவை மாற்றிப் பார்த்தார், ஊட்டும் நேரத்தை மாற்றிப் பார்த்தார், ஊட்டும் ஆளை மாற்றிப் பார்த்தார். அந்த ஆள் நான். என் கை ஸ்பூனைக் கண்டதும் கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டார். இளநீரை மட்டும் உதட்டை நனைத்து நனைத்து ஏதோ கொஞ்சம் இறக்கினார் சிஸ்டர்.

ஒரு காலத்தில் சிஸ்டரிடம் ஊசி போடக் கற்றுக்கொண்ட ஒருவர் இப்போது பெரிய டாக்டர். வந்து பார்த்தார்.

“முழுங்கறதுல பிரச்சன ஆயிடுச்சா சிஸ்டர்?”

“முழுங்க முடியுது. தண்ணி போவுது, இருமல் இல்ல. முழுங்க மாட்டேங்கறாரு. அது வேற வியாதி.”

“எதுவா இருந்தா என்ன? ஆளு எளைச்சிட்டாரு. மூக்கு வழியா ட்யூப் போட்டுடலாம். நீங்க போடாத ட்யூபா?”

சிஸ்டர் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் கழுத்தில் கோணலாகத் தொங்கியதை நேராக்கிவிட்டார்.

“சிஸ்டர், தீபம் வரைக்கும் பாக்கறேன். கூட்டம் முடிஞ்சதும் வந்து நானே போட்டுடுவேன். இல்லன்னா தாங்க மாட்டாரு.”

அவர் போன பிறகு சிஸ்டர் என்னிடம் சொன்னார்: “எத்தினி பேருக்குப் போட்டிருக்கேன், கணக்கே இல்ல. கைய கட்டிப்போட்டுட்டு போட்டிருக்கேன். அப்புறம் அந்த ஆளுங்க சாப்பாட்டப் பாக்கவே மாட்டாங்க. மேல தொங்குற பையத்தான் பாத்துனு இருப்பாங்க. இவருக்குப் போட மாட்டேன். பெட்டிய அனுப்புவோம்.”

சென்னையில் இந்த மாதிரிப் பழைய செட்டுகளைப் பார்க்கும் ஒருவரை நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான். அவர் போனில் சொன்னார்: “அனுப்புங்க மேடம், உடனே பாக்கறேன். ஆனா நல்லா கட்டி அனுப்புங்க. ஒரு பக்கம் போன செட்ட அனுப்புவாங்க. இங்க வரும்போது நாலு பக்கமும் போயிருக்கும்.”

தீபக் கூட்டத்தில் பஸ்ஸில் நானே மடியில் வைத்துக் கொண்டுபோவதாகச் சொன்னேன். “நீ தூங்கிடுவ,” என்றார் சிஸ்டர். பார்சல்தான்.

நோயாளியை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எப்படி என்று சிஸ்டருக்குத் தெரியும். “ஆம்புலன்ஸ்ல ஆளு சாவறது வியாதியால இல்ல. குலுக்கல்ல,” என்றார். பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே இரும்பும் செம்புமாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இடது ஓரத்தில் உட்கார்ந்திருப்பதால் எடை முழுவதும் அந்தப் பக்கம் இழுத்தது. “இதான் தல. இத ஆடவிட்டா உள்ள இருக்கற எல்லாத்தயும் இடிச்சுத் தள்ளிடும்.” பெட்டிக்கு முதலில் ஒரு பிளாஸ்டிக் உறை. தெர்மகோல் துகள் காற்றுத் துளை வழியாக உள்ளே போகாமலிருக்க. வெளியே கழற்ற முடிந்த ஒயர் எல்லாம் தனிச் சுருள். திருகுகளின் முகத்துக்கு முன்னால் ஒரு அட்டை.

அதற்குமேல் மெத்தென்று சுற்ற என்ன செய்வது? சிஸ்டர் பரணைக் காட்டினார். ஏறிப் பார்த்தேன். யோகா பாய்கள். ஊதா, பச்சை, ரோஜா. வருஷா வருஷம் மாடியில் தங்கிய வெளிநாட்டுக்காரர்கள் பற்றையெல்லாம் விட்டபோது இவற்றையும் சேர்த்து விட்டுப் போயிருந்தார்கள். அவற்றை அளவாக வெட்டி, பெட்டியின் எல்லாப் பக்கமும் சுற்றி, ஒரு அட்டைப்பெட்டியில் இறக்கி, அதை அதைவிடப் பெரிய இன்னொரு அட்டைப்பெட்டியில் இறக்கி, இடைவெளியில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தேன். வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

“பெட்டிய வெளிய எடு,” என்றார்.

“ஏங்க?”

“பேஷண்ட வெச்சா ஸ்ட்ரெச்சர சோதிப்பாங்க?”

பெட்டி இருந்த இடத்தில் அதே எடைக்கு அரிசி மூட்டையும், மூட்டையைச் சுற்றித் தீபத்துக்காக வாங்கிவைத்திருந்த அகல் விளக்குகளும் போயின. எல்லாவற்றையும் ஒட்டி மூடியதும் மாடிப்படியிலிருந்து கீழே தள்ளச் சொன்னார். மனசே வரவில்லை. தள்ளினேன். டமாலென்று விழுந்தது. பிரித்தால் பாதி அகல் சில்லாகி இருந்தது.

“பேப்பர் அமுங்கிடுது. அது ஒரு தடவைக்குத்தான் தாங்கும். லாரியில ஒரு தடவையோட விட மாட்டான். இடைவெளியிலயும் பாய் வை.”

பாய் வைத்தேன். மறுபடி தள்ளினேன். ஒரு அகல்கூட உடையவில்லை. உடையாத அகல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி விரிசல் பார்த்தார். பிறகுதான் பேஷண்டை ஏற்றினோம். என்ன கோளாறு, என்னென்ன மாற்றிப் பார்த்தாயிற்று என்று கேஸ் ஷீட் எழுதி உள்ளே வைத்தார். ஆட்டச் சொன்னார். சத்தம் வரவில்லை. வெளியே கனமான பக்கம் எது, மேல் பக்கம் எது என்று குழந்தைக்கும் புரிகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதினார். இவ்வளவும் நடக்கும்போது சர்வேயர் சுவரிலிருந்து திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஸ்பூனை எடுத்ததும் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பார்சல் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டு பக்கம். மறுநாள் முதல் வண்டி எதையும் ஊருக்குள் விடமாட்டார்கள். அன்றைக்கே ஆட்டோக்கள் எங்கள் தெருவுக்கு வர மறுத்துவிட்டன. சிஸ்டர் உள்ளே போய்ச் சர்வேயரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்டியை அதில் உட்கார வைத்து, ஒரு போர்வையைச் சுற்றி, இடுப்பு பெல்ட்டையும் போட்டார். எதிர்வீட்டு அம்மாளைச் சர்வேயருக்குத் துணை வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

கிரிவலக் கூட்டம் முழுவதும் எதிரே வந்துகொண்டிருந்தது. நாங்கள் மட்டும் எதிர்த்திசையில். நான் தள்ளினேன். சிஸ்டர் முன்னால் நடந்து வழி விலக்கினார். நடந்து வந்த ஜனங்கள் போர்வையைப் பார்த்துப் பயபக்தியோடு ஒதுங்கினார்கள். தொண்டர் ஒருவர் ஓடிவந்து போர்வையிடம் மோர் டம்ளரை நீட்டினார். அதை நான் குடித்தேன். தடுப்புக்கட்டை அருகில் ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

“எங்கம்மா எதிருல வரீங்க? பேஷண்டா?”

“ஆமா,” என்றார் சிஸ்டர்.

“மூஞ்ச மூடிட்டீங்களே?”

“தூசி ஆவாது.”

கட்டையை நகர்த்தி வழிவிட்டார் அவர்.

பார்சல் ஆபீஸில் மூட்டை ஏற்றுகிறவர் லாரிமேல் நின்றபடி ஒவ்வொரு பெட்டியாகப் பிடித்து உள்ளே எறிந்துகொண்டிருந்தார். சிஸ்டர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் பெட்டி முறை வந்ததும் அதன்மேல் கை வைத்துக்கொண்டார்.

“விடுமா, லைன் நிக்குது. என்னா இருக்குது இதுல?”

“சாப்பாடு.”

“இவ்ளோ கனமாவா? மெட்ராஸ் போறதுக்குள்ள கெட்டுப்போவும்.”

“நீ எறிஞ்சா கெட்டுப்போவும். எறங்கி வா.”

“இன்னாமா, தமாஷ் பண்றியா?”

“எங்க வீட்டுக்காரரு படுத்த படுக்கையா இருக்காரு. இது பாடினாதான் சாப்புடுவாரு. பாடலன்னா மூக்குல ட்யூப் போட்டுடுவாங்க. நீ இத எறிஞ்சன்னா அந்த ட்யூப நீதான் போட்ட மாதிரி. எறங்கி வா, ரெண்டு கையாலயும் புடி.”

அவர் இறங்கி வந்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தில் வைத்து, தன் சொந்தத் துண்டை மடித்து முட்டுக் கொடுத்தார். “பாட்டுப் பெட்டிக்கு இந்த ஆட்டமா?” என்று முனகவும் செய்தார். சிஸ்டர் லாரிக்குள் தலையை நீட்டி, பெட்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தார்.

அப்புறம் காத்திருப்பு. சர்வேயரின் கன்னங்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. இளநீருக்கும் உதடு திறப்பது குறைந்தது. சிஸ்டர் வேளைக்கு வேளை கஞ்சி காய்ச்சினார். வேளைக்கு வேளை அதை நான் குடித்தேன்.

தீபத்தன்று சாயங்காலம் போன் வந்தது. ஊரே மலை உச்சியைப் பார்த்து நின்றுகொண்டிருந்த நேரம். கை ஈரமாக இருந்ததால் சிஸ்டர் போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“மேடம், பெட்டி ஒரு கீறல் இல்லாம வந்துச்சு. இந்த மாதிரி பேக்கிங்க நான் பாத்ததே இல்ல. ஆனா தெறந்தேன் பாருங்க, உள்ள பூஜை ரூம் மாதிரி இருக்கு.”

“என்னா?”

“சந்தனம், குங்குமம், விபூதி எல்லாம் இருக்கு. மேல இருக்கற காத்துத் துள வழியா எறங்கியிருக்கு. தண்ணியா இருந்த சந்தனம் ஒழுகி, வலது ஸ்பீக்கருக்குப் பாட்ட விடற சுவிட்ச், அந்த ரிலே மேல காஞ்சு கட்டியாயிடுச்சு. ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சீங்களா?”

சிஸ்டர் கரண்டியும் கையுமாகக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

“வருஷா வருஷம் வெச்ச மாதிரி அடுக்கடுக்கா இருக்கு மேடம். யாரு வெச்சது?”

“நான்தான்.”

“நாளைக்கு சுத்தம் பண்ணி, ரிலே மாத்தி அனுப்பிடறேன். நல்லாயிடும்.”

போன் நின்றது. நான் அவர் கையிலிருந்த ஈரக் கரண்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். பிற்பாடு எனக்கு அவரே சொன்ன விஷயம் இது: சர்வேயருக்குப் பேச்சு இருந்தவரை அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்ததில்லை. சைக்கிளுக்கு, கிரைண்டருக்கு, அரிவாள்மணைக்கு எல்லாம் வைப்பார்கள். தட்டோடு ஸ்டீரியோ பக்கம் வந்தால் கட்டிலில் இருந்தே கத்துவாராம். அவரால் கத்த முடியாது என்று ஆனதிலிருந்து சிஸ்டர் வருஷா வருஷம் தாராளமாக வைத்திருக்கிறார். இவருக்காக வேண்டிக்கொண்டே வைத்திருக்கிறார்.

சிஸ்டர் கட்டிலருகே போய் நின்றார். சர்வேயர் சுவரிலிருந்து திரும்பியிருந்தார். போன் பேசியதெல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது.

“ஒயர மாத்திப் பாத்தேன், ஸ்பீக்கர மாத்திப் பாத்தேன். எல்லாம் பாத்தேன்,” என்றார் சிஸ்டர். “என் கைய மட்டும் பாக்கல.”

சர்வேயரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்கு முதலில் மூச்சுத் திணறல் என்று தோன்றியது. சிஸ்டருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும், சட்டென்று மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வர, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பல வருஷமாகக் கத்த முடியாமல் இருந்ததையெல்லாம் மொத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். இடது கையால் சிஸ்டரின் நெற்றியில் பொட்டு வைப்பது போலத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

“போதும். சிரிச்சது போதும்ங்க,” என்றார் சிஸ்டர். அவர் குரல் வழக்கம்போல் இல்லை. ஆனாலும் அவர் சந்தர்ப்பத்தை விடுகிறவர் அல்ல. என் பக்கம் பார்க்காமலே கையை நீட்டினார். கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுத்தேன். சிரிப்பு அடங்கி மூச்சு நிதானமாகும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டினார்.

“வெக்க மாட்டேன், இனிமே வெக்க மாட்டேன். தெறங்க.”

அவர் யோசித்தார். வேண்டுமென்றே நிறைய நேரம் யோசித்தார். பிறகு திறந்தார்.

வாசலில் அரோகரா சத்தம் கேட்டது. நாங்கள் யாரும் எழுந்து போகவில்லை.

கூட்டம் வடிந்ததும் டாக்டர் ட்யூபும் கையுமாக வந்தார். சர்வேயர் காலி செய்த கிண்ணத்தைச் சிஸ்டர் காட்டினார். “அனுப்பின பெட்டி அங்கயேதான் இருக்கு. அதுக்குள்ள எப்படி?” என்று கேட்டவரிடம், “அது வேற வியாதின்னு சொன்னேன்ல,” என்று மட்டும் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினார். பெட்டி வந்து சேர்ந்தபோது யோகா பாய்கள் போன வரிசையிலேயே திரும்பி வந்திருந்தன. சிஸ்டர் போனில் மிரட்டியிருந்தார். நான் ஒயர்களை மாட்டினேன். அவர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். வலது பக்கத்திலிருந்து பாடகர் வந்தார். சர்வேயர் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிக் கேட்டுவிட்டு, இட்லி எங்கே என்று கையால் கேட்டார்.

என் புத்தகம் முடியாமலேயே நான் சென்னைக்குத் திரும்பினேன். அப்புறம் ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியிருக்கும். ஒரு காலையில் சிஸ்டர் கூப்பிட்டார். எதையும் சுற்றி வளைத்துச் சொல்கிறவர் அல்ல.

“சர்வேயர் இன்னிக்கு விடியக்காலம் போயிட்டாரு தம்பி. தூக்கத்துல. நான் நாடி பாத்துட்டேன்.”

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எழுதுகிறவர்கள் இந்த மாதிரி நேரத்தில் எதற்கும் லாயக்கில்லை. அவர் அதற்குக் காத்திருக்கவும் இல்லை.

“ட்யூப் போடல. கடைசி வரைக்கும் வாயாலதான் சாப்ட்டாரு,” என்றார். “நேத்து ராத்திரி கூட, சட்னி காரம் ஜாஸ்தின்னு மூஞ்ச சுளிச்சாரு.”